அவங்களே ஒத்துக்கிட்டாங்க

செல்வக்கனி உயர் நீதிமன்ற நீதிபதி ஆகாமல் போனதற்குக் காரணம் நான்.

வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். பதவிக்குப் பரிந்துரைத்த பெயர்கள் ஏன் திரும்பி வருகின்றன என்று யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஆனால், அன்று பிற்பகல் என் அலுவலகத்தில் நான் சொன்ன ஒரே ஒரு வாக்கியம் அவள் கோப்பில் ஏறியது. அது எனக்குத் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும்.

அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதனால்தான் அதைச் சொல்ல எனக்கு நா கூசவில்லை!

கோவில்பட்டியில் முப்பது ஆண்டுகளாக வக்கீல் தொழில் செய்கிறேன். வழக்கறிஞர் சங்கத்தில் இரண்டு முறை தலைவர். ‘லிங்கம் சார்ட்ட கேஸ் கட்டு போனா காலக்கெடு தப்பாது’ என்று இங்கே இளைய வக்கீல்கள் பெருமையாகச் சொல்லுவார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. நல்லவேளை, யாரும் உற்றுப் பார்க்கவில்லை.

செல்வக்கனியும் நானும் ஒரே சீனியரிடம் ஜூனியர்களாகச் சேர்ந்தவர்கள். அவள் புதூர்ப் பக்கத்து ஊர்க்காரி. மழையை நம்பிக் கொத்தமல்லி விதைக்கிற குடும்பம். மழை இல்லாத ஆண்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு அப்பன் ஊர் ஊராய்ப் போய்விடுவார். அந்த வீட்டிலிருந்து வந்தவள் சட்டப் புத்தகத்தைப் படிக்கிற வேகத்தைப் பார்த்து எனக்கு மூச்சு முட்டும். ஒரு முறை படித்தால் போதும் அவளுக்கு. எனக்கு நான்கு முறை படிக்க வேண்டும்.

நாகலாபுரத்துப் பக்கம் இருந்து பேச்சியம்மாள் என்ற பெண் எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். புருஷன் இறந்த மறு வருடமே பங்காளிகள் அவள் கரிசல் நிலத்தின் மீது வழக்குப் போட்டிருந்தார்கள். கீழ்க் கோர்ட்டில் தீர்ப்பு அவளுக்கு எதிராகப் போயிற்று. அப்பீலில் நிச்சயம் ஜெயிக்கலாம் என்று சீனியர் சொன்னார். வழக்குக் கட்டை எங்கள் இருவரின் மேசைக்கும் நடுவே வைத்துவிட்டு, “ரெண்டு பேரும் பாத்து முப்பது நாளைக்குள்ள போட்டிருங்க” என்றார்.

“நானே போட்டுருதேன்” என்று கேட்டு வாங்கிக்கொண்டவன் நான்!

போடவில்லை.

பெரிய காரணம் எதுவும் இல்லை. சீனியரின் தங்கை மகள் கோமதியை எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தரையில் கால் பாவாமல் திரிந்தேன். ஒரு நாள் தள்ளினேன். பத்து நாள் தள்ளினேன். முப்பது நாள் கடந்ததும் பயம் வந்தது. பயம் வந்தபின் அந்தக் கட்டைத் தொடவே முடியவில்லை. பேச்சியம்மாள் வாரம் ஒரு முறை பஸ் ஏறி வந்து வாசலில் நின்று கேட்பாள்.

“அப்பீல் போட்டாச்சாய்யா?”

“போட்டாச்சும்மா. வாய்தா வரும்.”

ஏழு மாதம் இதையே சொன்னேன்... ஏழு மாதம்!

ஒரு நாள் நடுப்பகலில் அவள் தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். கோர்ட்டு அமீனா வந்து நிலத்தை அளந்து பங்காளிகள் கையில் ஒப்படைத்துவிட்டாராம். பூத்து நின்ற மல்லியை அப்படியே உழுதுபோட்டார்களாம். சீனியர் அப்போது கோர்ட்டில் இருந்தார். அலுவலகத்தில் செல்வக்கனியும் நானும் மட்டும்.

செல்வக்கனியை உள்ளறைக்கு அழைத்துப்போய் அலமாரியின் அடியிலிருந்து கட்டை எடுத்துக் காட்டினேன். மேலே ஒட்டியிருந்த தூசியைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

“சீனியருக்குத் தெரிஞ்சா கல்யாணம் நின்னுரும் கனி. அடுத்த மாசம் முகூர்த்தம். நீ சொல்லிரு... நீ மறந்துட்டேன்னு சொல்லிரு.”

ஆம், நான் கேட்டேன். கெஞ்சினேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அவள் கட்டின் மேலிருந்த தூசியைத் துடைத்தாள். பிறகு, “நான் எப்படியும் மதுரைக்குப் போயிருவேன். நீதான இங்கன இருக்கணும்... சரி, அழாத” என்றாள்.

அவள் ஏன் சம்மதித்தாள்? இத்தனை ஆண்டுகளில் அந்தக் கேள்வியின் பக்கம் நான் போனதே இல்லை. அவள் இன்றுவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. அந்தப் பக்கமும் நான் போவதில்லை.

சீனியர் வந்தார். பேச்சியம்மாள் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்க, செல்வக்கனி எழுந்து நின்று சொன்னாள்: “நான்தான் சார் போடாம விட்டுட்டேன். போட்டாச்சுன்னு லிங்கத்துட்டயும் நான்தான் சொன்னேன்.”

சீனியர் அவளைத் திட்டவில்லை. அன்றே வெளியே போகச் சொன்னார். பேச்சியம்மாள் அவளைத் திட்டினாள். புழுதியை வாரித் தூற்றினாள். அப்போது நான் ஜன்னல் ஓரம் பேச்சியம்மாளுக்காகக் கண் கலங்குகிறவனைப்போல் நின்றேன்...

காலதாமதத்தை மன்னிக்கக் கோரிய மனுவும் தள்ளுபடியானது. நிலம் போனது போனதுதான். அதன்பின் பேச்சியம்மாள் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனாள்.

எனக்குத் திருமணம் நடந்தது. செல்வக்கனி வந்து வாழ்த்திவிட்டுச் சாப்பிட்டுப் போனாள்!

மதுரையில் அவள் வளர்ந்தாள். எப்படி வளர்ந்தாள் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவள் வாதாடுகிற நாளில் மற்ற வக்கீல்கள் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து கேட்பார்கள். அதற்கிடையில் அவள் என்ன செய்தாள் தெரியுமா? பேச்சியம்மாளைத் தேடிப்போனாள். முதலில் பேச்சியம்மாள் விரட்டினாளாம். மறுபடியும் இவள் போனாளாம். கடைசியில் பேச்சியம்மாளின் மகளைத் தன் வீட்டிலேயே தங்கவைத்துப் படிக்கவைத்து நர்ஸ் ஆக்கினாள். என் பாவத்துக்கு அவள் பரிகாரம் செய்துகொண்டிருந்தாள். நான் இங்கே பேர் எடுத்துக்கொண்டிருந்தேன்.

உயர் நீதிமன்றத்தில் ஓர் இடம் நெடுநாளாகக் காலியாகக் கிடந்தது. அதற்குப் போன பெயர்களில் செல்வக்கனியின் பெயரும் இருப்பதாகச் செய்தி வந்தபோது கோவில்பட்டிக் கோர்ட்டு வளாகமே துள்ளியது. நம்ம ஊர்ப் பிள்ளை! நானும் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தேன். அந்தச் சந்தோஷம் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்கடியில் வேறொன்றும் கிடந்தது. ஒரு முறை படித்தால் போதும் என்றிருந்தவளின் முன்னால், நான் குனிந்து நின்று வாதாட வேண்டிய ஒரு காலைப்பொழுது என் கண்ணில் வந்து வந்து போயிற்று.

இரண்டு வாரம் கழித்து அவளைப்பற்றி விசாரிக்க உளவுத்துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். சாதாரண சட்டை போட்டிருந்தார். மிகவும் மரியாதையாகப் பேசினார். அவளுடைய குணம், பழக்கவழக்கம், நேர்மை எல்லாம் கேட்டார். நான் வானளாவப் புகழ்ந்தேன். அத்தனையும் எழுதிக்கொண்டார்.

“சீனியர் ஆபீஸ்ல இருந்து ஏன் சார் விலகுனாங்க? ஏதோ ஒரு கேஸ்னு சொல்றாங்களே...”

“ஒரு அப்பீல். காலக்கெடு தப்பிப்போச்சு.”

“யாரோட தவறு?”

சீனியர் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. என் பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் நிலைபெற்றுவிட்டார்கள். ‘என்னுடைய தவறு’ என்று சொல்லியிருந்தால் எனக்கு என்ன ஆகியிருக்கும்? சொல்லுங்கள்... என்ன ஆகியிருக்கும்? கொஞ்சம் முகம் சுண்டியிருக்கும். கோமதி இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பாள். அவ்வளவுதானே!

நான் சொன்னேன்: “அவங்களே அன்னைக்கு ஒத்துக்கிட்டாங்க சார்.”

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

செல்வக்கனியின் பெயர் திரும்பி வந்தது. சில மாதங்களில் அந்த இடத்தில் வேறொருவர் அமர்ந்தார். அவள் அந்தப் பதவியேற்புக்குப் போய்க் கைகொடுத்துவிட்டு வந்தாள். அவளுக்கு வயது ஐம்பத்தைந்தை நெருங்கியிருந்தது. அதற்குமேல் வக்கீல்களின் பெயரை வழக்கமாக அனுப்புவதில்லை.

ஒரு நாள் அவளே என் அலுவலகத்துக்கு வந்தாள். முன்னைவிட மெலிந்திருந்தாள்.

“அந்தப் பழைய அப்பீலத்தான் பிடிச்சிருக்காங்க லிங்கம். நம்பி வந்த கட்சிக்காரிக்குத் துரோகம் செஞ்சவள்னு யாரோ சொல்லியிருக்காவ” என்றாள். குரல் உடையவில்லை. தண்ணீர் டம்ளரை எடுத்தவள் குடிக்காமலே வைத்துவிட்டாள். “உன்ட்ட யாரும் வந்து கேட்டாங்களா?”

“இல்லையே...”

“எனக்குத் தெரியும். உன்ட்ட கேட்டிருந்தா நீ உள்ளதச் சொல்லியிருப்ப.”

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டாமா! அவள் எதிரில், இரண்டு முழத் தொலைவில் இருந்தாள். நான் ஃபேன் வேகத்தைக் கூட்ட எழுந்துபோனேன்.

அடுத்த மாதம் பேச்சியம்மாள் வந்தாள். இப்போது எழுபது வயதைத் தாண்டிவிட்டாள். கோர்ட்டு குமாஸ்தா ஒருவர் அவள் மகளிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்.

“வக்கீலய்யா, என் கேசாலயா அந்தப் புள்ளைக்குப் பதவி இல்லாமப் போச்சு?”

நான் மேசையிலிருந்த காகிதங்களை அடுக்கினேன்.

“எனக்கு அவிய மேல ஒரு வருத்தமும் கிடையாதுய்யா. அன்னைக்கு வயித்தெரிச்சல்ல மண்ண வாரித் தூத்துனேன். அது பலிச்சிருச்சோ என்னமோ... நான் வந்து சொல்லுதேன். எங்கன வந்து சொல்லணும்? நீங்க ஒரு மனு எழுதுங்க, நான் கைநாட்டு வைக்கேன்.”

அவள் பெருவிரலை என் முன்னால் நீட்டினாள்.

“அதுக்கெல்லாம் காலம் கடந்துபோச்சும்மா” என்றேன்.

இத்தனை ஆண்டுகளில் அந்தப் பெண்ணிடம் நான் சொன்ன முதல் உண்மை அது. அதையும் எனக்குச் சாதகமாகத்தான் சொன்னேன். அவள் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினாள். தன்னுடைய சாபம்தான் காரணம் என்று நம்பியபடியே போனாள். வெயிலில் அவள் பஸ் நிறுத்தத்துக்கு நடந்துபோவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்... கூப்பிடவில்லை.

சென்ற தை மாதத்தில் பேச்சியம்மாள் இறந்துபோனாள். கடைசி நாட்களிலும் அதையே சொல்லிப் புலம்பினாள் என்று அவள் மகள் சொன்னபோதுதான் எனக்குள் ஏதோ அறுந்தது. அன்று வீட்டுக்கு வந்து கோமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பீலில் தொடங்கி அந்த அதிகாரி வரைக்கும்.

அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. கோபப்படுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னை ஏதோ புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“இத எதுக்கு என்ட்ட சொல்லுதீங்க? அவியட்டல்லா சொல்லணும்.”

அதன்பின் அவள் அதைப்பற்றிப் பேசவே இல்லை. என் தட்டில் சோறு போடும்போது மட்டும் கொஞ்சம் தள்ளி நிற்கிறாள்.

செல்வக்கனியின் எண் என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளே கூப்பிடுகிறாள். என் ரத்த அழுத்தத்தை விசாரிக்கிறாள், மாத்திரையை விட்டுவிடாதே என்கிறாள். நான் சரி சரி என்கிறேன்.

அவளிடம் சொல்ல வேண்டியதை இதோ உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் யார்? நான் உங்களுக்கு என்ன தீங்கு செய்தேன்? ஒன்றுமில்லை. அதனால்தான் உங்களிடம் சொல்வது இவ்வளவு எளிதாக இருக்கிறது...

இன்று ஞாயிறு. இன்னும் சற்று நேரத்தில் அவள் கூப்பிடுவாள்.