பேப்பர் லோரி வருவதற்குள்

பழைய கேம் மிஷினைப் பழுது பார்ப்பது என்பது பாதி ஸ்குரூ டிரைவர் வேலை, மீதி திட்டு வாங்கும் வேலை. யாரோ கழித்துக்கட்டிய சாமானை வீட்டுக்கு இழுத்து வந்து, "இத ஏன்டா கொண்டு வந்த?" என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் கால் கட்டைவிரலைப் பார்த்து நின்ற தோழர்களே, வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

பீரோ

பிரிக்ஃபீல்ட்ஸில் சித்தப்பா வேலை பார்க்கும் சாப்பாட்டுக் கடையின் மாடியைக் காலி செய்தபோது கிடைத்தது என் மிஷின். ஆள் உயரப் பெட்டி, உள்ளே பழைய குண்டு டிவி, முன்னால் ஒரு ஜாய்ஸ்டிக், சில பட்டன்கள், காசு போடும் ஓட்டை. "எடுத்துட்டுப் போ, எனக்கு இடம் மிச்சம்" என்றார் முதலாளி. விமானத்தை ஓட்டி எதிரி விமானங்களைச் சுடும் கேம் அது. ஆனால் பிளக்கைச் சொருகினால் ஒரு முனகல்கூட இல்லை.

அதைக் கீழே இறக்க உதவிக்கு வந்தவர் கடையில் ரொட்டி போடும் அண்ணன். மன்னார்குடியிலிருந்து கடல் தாண்டி இங்கே வேலைக்கு வந்தவர். படிக்கட்டில் பாதி வழியில் பின்கதவு திறந்துகொண்டது. கரப்பான் பூச்சிகள் குடும்பம் குடும்பமாக வெளியேறி அண்ணனின் கை வழியாக நடந்தன. அவர் பிடியை விடவில்லை. கீழே வந்து பெட்டியை வைத்து, கையை உதறிவிட்டு நிதானமாகக் கேட்டார்: "ஏன் தம்பி, பீரோவுக்குள்ள டிவி, டிவிக்குள்ள கரப்பான்... உங்க ஊர்ல எதையும் தனித்தனியா வைக்க மாட்டீங்களா?"

அப்பா வைத்த கெடு

கிள்ளானில் எங்கள் வீட்டு முன்வாசலில் கார் நிற்கும் இடம் ஒன்றுதான். அங்கே மிஷின் ஏறியது, கார் வெயிலுக்கு இறங்கியது. அப்பா காரைத் தொட்டுப் பார்த்தார், சுட்டது. அப்போதே தீர்ப்பு வந்தது: "தீபாவளிக்குள்ள இது எரியணும். எரியலன்னா பேப்பர் லோரிக்குப் போட்ருவேன்."

பேப்பர் லோரி தெரியும்தானே? "சூராட் காபார் லாமா... பெசி பூரோக்..." என்று ஸ்பீக்கரில் மூக்கால் பாடிக்கொண்டு, பழைய பேப்பர், பழைய இரும்பு எல்லாம் வாங்க வருமே, அது. எனக்குக் கேட்ட குரலெல்லாம் வாயில் ஒட்டிக்கொள்ளும். ஹெட்மாஸ்டர், ரயில் அறிவிப்பு அக்கா, பணக்காரச் சொந்தத்தோடு போனில் பேசும் அம்மா, எல்லாம் வரும். லோரி வராதா? மறுநாளே மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து பாடினேன். அப்பா பேப்பர் கட்டோடு கைலியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். ரோட்டில் ஒரு பூனை மட்டும் நின்றது.

அதற்குப் பிறகு நான் எப்போது பாடினாலும் அவர் அசைவதில்லை. இருந்த இடத்திலிருந்தே, "அம்பிக் லா! செமுவா அம்பிக்!" என்று மலாய் மொழியில் கத்துவார். எடுத்துக்கோ, எல்லாத்தையும் எடுத்துக்கோ என்று. அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை: "ஒரு நாள் நெசமாவே லோரிக்காரன் வந்து உங்க ரெண்டு பேரையும் ஏத்திட்டுப் போகப் போறான்."

அங்கிளின் தொண்டை

கரண்டு கொடுக்கும் பெட்டி செத்துவிட்டது என்று தெரிந்ததும் ரயிலேறி ஜாலான் பாசார் கடைத்தெருவுக்குப் போனேன். அங்கே எலக்ட்ரானிக் சாமான் விற்கும் சீன அங்கிள் ஒருவர், தமிழைத் தமக்குப் பிடித்த ராகத்தில் பேசுவார். "சப்ளை போச்சு லா, தம்பி" என்றார். "சப்ளை போச்சா லா?" என்று நான் கேட்டேன். சத்தியமாகக் கிண்டல் இல்லை, அதே ராகம் தானாக வந்துவிட்டது.

அங்கிள் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். புதுப் பெட்டியைத் தாளில் சுற்றினார். பிளக்கைப் பிடுங்கினாலும் டிவிக்குள் கரண்டு ஒளிந்திருக்கும், பார்த்துக் கை வை என்றார். காசை வாங்கிக்கொண்டு கடைசியாக ஒன்று சொன்னார்: "சாமான் கொண்டு போ. என் தொண்ட இங்கயே வச்சிட்டுப் போ."

தலைகீழ்

எரிந்தது! ஆனால் விமானம் வயிற்றைக் காட்டிக்கொண்டு பறந்தது. டிவிக்குப் பின்னால் ஒரு ஜோடிக் கம்பியை மாற்றிச் சொருகிவிட்டேன், படம் முழுக்கத் தலைகீழ். அக்கா பேங்க் வேலை முடிந்து வந்தவள், பையைக்கூட வைக்காமல் நாற்காலியில் தலையைத் தொங்கப்போட்டு விளையாடி, மூன்று விமானங்களைச் சுட்டாள்.

"அப்பா, எரிஞ்சிருச்சு!" என்றேன். அப்பா தலையைச் சாய்த்துப் பார்த்தார். "எரிஞ்சா பத்தாது, நேரா எரியணும்" என்றார். தொங்கியபடியே அக்கா சொன்னாள்: "இந்த வீட்டுல வேற எதுப்பா நேரா இருக்கு?"

இரண்டு குரல்

அந்தக் கம்பியை மாற்றப் போனபோது அதன் முனையிலிருந்த பழைய பிளாஸ்டிக் பிளக் கையிலேயே நொறுங்கியது. தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை, புது பிளக் வாங்கச் சைக்கிளில் டவுனுக்குப் போனேன். அம்மா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தார், அக்காவும் கூட. அப்பா குளித்துக்கொண்டிருந்தார்.

திரும்பித் தெருமுனைக்கு வந்தால், எங்கள் வாசலில் பேப்பர் லோரி. நிஜ லோரி. என் மிஷின் பாதி அதன் மேல். நடந்தது புரிந்துவிட்டது. லோரி பாடியிருக்கிறது. நான்தான் என்று நினைத்து அப்பா குளியலறையிலிருந்தே "செமுவா அம்பிக்!" என்றிருக்கிறார். அவர்களும் சொன்னதைச் செய்கிறார்கள்.

ஸ்கூல் பையன் கத்தினால் லோரிக்காரர் கேட்பாரா? செம்பருத்திச் செடிக்குப் பின்னால் நின்று அப்பாவின் குரலை எடுத்தேன்: "ஓய்! அது வேணாம் லா! எறக்கு!" லோரி அண்ணன் அப்படியே நின்றார். அதே நொடியில் துண்டைக் கட்டிக்கொண்டு, தலையில் நுரையோடு அப்பாவே வெளியே வந்தார். அண்ணன் செடியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "என்ன பாஸ், ஒரு குரல் எடுங்குது, ஒரு குரல் வேணாங்குது. ரெண்டுல எது உங்க குரல்?"

ஒரு வார்த்தை போதும், அப்பாவின் காருக்கு நிழல் திரும்பக் கிடைத்துவிடும். அப்பா வெயிலில் நின்ற காரைப் பார்த்தார். லோரியில் சாய்ந்து கிடந்த மிஷினைப் பார்த்தார். பிளக்கைப் பிடித்துக்கொண்டு செடிக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். கண்ணில் வழிந்த நுரையைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டும் என் குரல்தான். எறக்கு லா."

அன்று சாயங்காலமே விமானம் நேராகப் பறந்தது. ஆனால் தீபாவளி முடிந்தும் கார் வெயிலில்தான் நிற்கிறது, ஏனென்றால் அப்பா இன்னும் முதல் லெவலைத் தாண்டவில்லை.