தென்னைமூட்டு வளையங்கள்

அந்த விடுதியின் புல்தரையை எல்லாரும் மைதானம் என்றுதான் சொன்னார்கள். விழிஞ்ஞத்துக்குத் தெற்கே, கடலைப் பார்த்த நிலம். ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் தட்டையாகத் தெரியும். பச்சை முடிகிற இடத்தில் கடல் ஆரம்பித்துவிடும். நடந்து போனால்தான் பாதி நிலம் கீழ்நோக்கிச் சரிந்து கிடப்பது தெரியும். நானும் இன்னொருவனும் புல் வெட்டும் தள்ளு மிஷினோடு தினமும் அதில் நடந்தோம். இந்த முனையில் தொடங்கி அந்த முனை போவதற்குள் இங்கே மறுபடி வளர்ந்திருக்கும். மழைக்காலத்தில் குதிகால் வெடிப்புக்குள் புல்லின் சாறு இறங்கி எரியும்.

இன்னொருவன் விழிஞ்ஞத்துக்காரன். துறைமுக வேலையில் மண் அள்ளும் இயந்திரம் ஓட்டிவிட்டு, அங்கே யாரோடோ சண்டை போட்டு இங்கே வந்தவன். எங்களுக்கு முதல் நாளே ஆகவில்லை. காரணம் தேட வேண்டாம், ஆகவில்லை. அவன் என்னை அண்ணாச்சி என்பான். அதில் மரியாதை எதுவும் கிடையாது. என் ஊர் கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் என்று நினைவுபடுத்துவதற்காகச் சொல்வது.

மேனேஜர் திருவனந்தபுரம் கோட்டைக்குள் அக்கிரகாரத்தில் பிறந்த தமிழர். எல்லாரிடமும் மலையாளம் பேசுவார். என்னிடம் மட்டும் தமிழ், அதுவும் திட்டுவதற்கு. ஒரு நாள் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, அவனுக்கு மலையாளத்தில் சொன்னதை எனக்குத் தமிழில் சொன்னார்.

"உட்கார்ந்து ஓட்டற மிஷின் வாங்கப்போறோம். அது வந்துட்டா இங்க ஒருத்தன் போறும். புரிஞ்சுதோ?"

அந்த ஒருத்தன் யார் என்று சொல்லவில்லை. எனக்கு அது வேலை மட்டும் அல்ல. பம்ப் அறையில் படுக்க விட்டிருந்தார்கள், கூரை ஒழுகாது. அதற்கு முன் தம்பானூர் பஸ் நிலையத்தில் படுத்திருக்கிறேன். திரும்பப் போய்ப் படுக்கவும் முடியும். மழைக்காலத்தில் மட்டும் வேண்டாம் என்று இருந்தது.

வாங்குவதற்கு இரண்டு வகை இருந்தன. ஒன்று சின்ன டிராக்டர் மாதிரி. ஸ்டியரிங் உண்டு, வெட்டும் தகடு வயிற்றுக்கு அடியில். மற்றது ஸீரோ டர்ன் என்பது. அதில் ஸ்டியரிங் இல்லை, இரண்டு கைக்கும் ஒவ்வொரு லீவர், நின்ற இடத்திலேயே சுழலும். நான் ஏழாம் வகுப்போடு நின்று, அம்பாசமுத்திரம் பக்கம் டிராக்டர் ஓட்டியவன். அவன் லீவரிலேயே பிழைத்தவன். எந்த வண்டி வருகிறதோ அதை ஓட்டத் தெரிந்தவன் இருப்பான் என்று இருவருமே கணக்குப் போட்டுவிட்டோம். அதன் பிறகு மேனேஜர் முன்னால் அடிதடி நடக்காததுதான் குறை.

"எத்தன தென்னை நிக்குதுன்னு பாருங்க சார். மூட்டைச் சுத்தி, அடிமரத்தை ஒட்டி வெட்டணும். டிராக்டரு வளையுமா? லீவர் வண்டி நின்ன எடத்துல சுத்தும், கேட்டியளா?" என்றான் அவன், எனக்கும் விளங்கட்டும் என்று தமிழில்.

"கீழ்ப்பக்கம் பூரா சரிவு சார். மழை பெஞ்சா அந்த லீவர் வண்டி நிக்காது, வழுக்கிரும்."

"அண்ணாச்சிக்குப் பேடி." பயம் என்பதை அவன் மலையாளத்தில்தான் சொல்வான், அப்போதுதான் நன்றாகக் குத்தும்.

"ஒனக்கு ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாதுல்லா, அதான் லீவரு லீவருன்னு தொங்குத."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "ஏண்டா, மைதானத்துல ஏதுடா சரிவு?"

அவனை ஒரேயடியாக வீழ்த்திவிட வேண்டும் என்று வாய் ஊறியது. "சார், லீவர் வண்டிய இவன் ஒருத்தன்தான் ஓட்டுவான். இவன் ஓடிட்டா நீங்க ஆளு தேடி அலையணும். ஸ்டியரிங்னா எவன் வேணும்னாலும் ஓட்டிரலாம்."

மேனேஜர் அன்றுதான் என் பேச்சை முதல்முறையாக முழுதாகக் கேட்டார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டு வண்டிகளையும் ஓட்டிப் பார்க்கக் கொண்டுவந்தார்கள். காலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. முதலில் அவன் ஏறினான். பொய் சொல்லக் கூடாது, மேல் பாதியில் அவன் ஓட்டியது அழகு. தென்னை மூட்டை உரசுகிற மாதிரி சுற்றினான், ஒரு புல் நிற்கவில்லை. பிறகு கீழே இறங்கினான். பின்சக்கரம் ஈரத்தில் பிடியை விட்டது. முன்சக்கரங்கள் சும்மா உருள்கிறவை, அவற்றைத் திருப்ப வழியில்லை. லீவரை எப்படி இழுத்தும் வண்டி கடலைப் பார்த்தே போனது.

"ஐயையோ! பிடிடா, பிடிடா!" என்று மேனேஜர் தமிழில் கத்தினார். யார் எதைப் பிடிப்பது? வண்டி சரிவின் அடியிலிருந்த செங்கல் மதிலில் இடித்து நின்றது. அவன் காயமில்லாமல் இறங்கி, மதிலைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். நான் சிரித்தேன்.

அடுத்து நான் டிராக்டரை எடுத்தேன். சரிவில் நேராக இறங்கி நேராக ஏறினேன். வழுக்கவில்லை. ஆனால் தென்னைகளை நெருங்க முடியவில்லை. ஒவ்வொரு மூட்டைச் சுற்றியும் கணுக்கால் உயரத்துக்கு ஒரு புல் வளையம் நின்றது.

"டிராக்டரே இருக்கட்டும்," என்றார் மேனேஜர். நான் அவனைப் பார்த்தேன். அதற்குள் சாவியை அவனிடம் நீட்டி மலையாளத்தில் ஏதோ சொன்னார். பிறகு எனக்குத் தமிழ்.

"எவன் வேணும்னாலும் ஓட்டலாம்னு நீதானே சொன்னே? அவன் இந்த ஊர்க்காரன், கத்துண்டுடுவான். நீ நாளைக்கு எங்க இருப்பேன்னு நோக்கே தெரியாது."

அவர் சொன்னது உண்மைதான். நான் பம்ப் அறையைப் பார்த்ததைக் கவனித்திருக்க வேண்டும்.

"அந்த வளையத்தை வெட்ட ஆள் வேணும். மழை முடியற வரைக்கும் இருந்துக்கோ."

இருந்தேன். தோளில் மாட்டும் மிஷினோடு, அவன் உட்கார்ந்து போன தடத்தில் நடந்தேன். அவன் ஸ்டியரிங்கைச் சீக்கிரமே கற்றுக்கொண்டான். கற்றதும் மரத்துக்கு வெகு முன்னாலேயே திருப்ப ஆரம்பித்தான். வளையங்கள் வாரத்துக்கு வாரம் அகலமாயின.

"அண்ணாச்சி, நல்லா ஒட்ட வெட்டும் ஓய்!" என்று மேலேயிருந்து கத்துவான்.

மழை விட்டதும் கல்லாறுப் பக்கம் ஒரு கடையில் வேலை இருக்கிறது என்று கிளம்பினேன். கடைசி நாள் எல்லா மூட்டையும் சுத்தமாக வெட்டினேன். மேனேஜரின் ஆபீஸ் ஜன்னலுக்கு நேர் எதிரே நின்ற தென்னையை மட்டும் தொடவில்லை. அதன் வளையம்தான் எல்லாவற்றிலும் பெரியது.