மெக்கானிக்கின் மசக்கை

லிப்ட் மெக்கானிக்குக்கு முதல் வாந்தி வந்தது ஒரு அலுவலகக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில். கூட வேலை பார்த்த சீனியர் கிரீஸ் டப்பாவை ஓரம் தள்ளிவிட்டு வாளியை நீட்டினார்.

“மாப்ள, முழுகாம இருக்கிறது நீயா, தங்கச்சியா?”

மனைவிக்கு அப்போது மூன்றாம் மாதம். அவளுக்கு மசக்கை கண்ட சில நாளிலேயே இவனுக்கும் கண்டுவிட்டது. அவளுக்கு இடுப்பு வலித்தால் இவன் லிப்ட் கூண்டின்மேல் நிமிர முடியாமல் நின்றான். ஒரே ஒரு வித்தியாசம். அவள் குமட்டினால் இவனுடைய மாமியார் மகளின் முதுகைத் தடவுவாள். பக்கத்து வீட்டுக்காரி எலுமிச்சம்பழத்தோடு ஓடி வருவாள். இவன் குமட்டினால், “வெளியில கண்டதையும் தின்னா இப்படித்தான்” என்பார்கள். அவளுக்கு வந்த பழங்களில் ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வேலையிடத்தில் சுவரைப் பார்த்து நின்று சப்பினான். திருடித் தின்னும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று அவனுக்கே விளங்கவில்லை.

வீட்டுக்கு யார் வந்தாலும் நேராக அவளிடம் போனார்கள். “எப்படிம்மா இருக்கே? தூங்குறியா?” இவன் நாற்காலி எடுத்துப் போடுகிற ஆளாகிவிட்டான். நாற்காலி போட்டவனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஐந்தாம் மாதத்திலிருந்து அவன் கெடுபிடி செய்ய ஆரம்பித்தான். அவள் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் விளிம்பைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவள். அவள் பொருத்தினால் மறுபடி கழற்ற வேண்டியதில்லை என்று முதலாளியே சொல்வார். அந்த வேலையை விடச் சொன்னான். எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பது, மாடிப்படி ஏறலாமா கூடாதா, எல்லாம் அவன் உத்தரவு. பெயரும் தயார்.

“அது பையன் பேராச்சே. பொண்ணாப் பொறந்தா?”

“அது அப்பப் பாத்துக்கலாம்.”

“சரிங்க, எல்லாத்தையும் நீங்களே முடிவு பண்ணுங்க. வலியை மட்டும் நான் பாத்துக்கறேன்.”

அவன் சட்டைப்பையில் எலுமிச்சம்பழத்தைத் தேடினான். வாயைத் திறந்தால் குமட்டியிருக்கும்.

அவன் வயிற்றைப் படம் பிடித்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. கம்பெனி டாக்டர் ஒரு முகவரியை எழுதிக் கொடுத்தார். மனநல ஆலோசகர் என்று பலகையில் பார்த்ததும் வாசலோடு திரும்ப நினைத்தான். உள்ளேயிருந்து ஒரு நரைத்த தலை அம்மாள், “வாங்க, செருப்போடவே வரலாம்” என்றாள்.

சாதாரண அறை. இரண்டு நாற்காலி, ஒரு சுவர்க் கடிகாரம், துணியால் மூடிய ஜன்னல். அவன் மனைவியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். அவள் என்ன சாப்பிடுகிறாள், யார் யார் வந்து பார்க்கிறார்கள், அவளுக்கு எத்தனை தலையணை.

“சரி, நீங்க எப்படி இருக்கீங்க?”

அவனுக்கு அந்தக் கேள்வி புரியவே சற்று நேரம் பிடித்தது. “எனக்கென்ன மேடம், ஆம்பளை” என்றான். பிறகு, அவள் கேட்காமலே, அப்பா செத்த கதையைச் சொன்னான்.

பத்து வயதில் அப்பா போனபோது அம்மா நிறைமாதம். பிணத்தின் பக்கத்தில் நின்ற பெரியப்பா அவன் தோளை அழுத்தி, “இனிமே நீதான்டா இந்த வீட்டு ஆம்பளை. அழக் கூடாது” என்றார். அடுத்த வாரம் தங்கை பிறந்தாள். அவள் அழுததும் அம்மா மடி விரிந்தது. அவன் கடைக்குப் போய் வந்தான். அதற்கப்புறம் அவனை யாரும் எப்படி இருக்கிறாய் என்று கேட்டதாக ஞாபகமில்லை.

“பொறாமையா இருந்துச்சா?”

“பச்சப்புள்ள மேலயா? சேச்சே!”

“இப்போ?”

“யார் மேல?”

அந்த அம்மாள் சிரித்தாள். “பொம்பளைங்க எல்லாம் ஆம்பளையைப் பாத்துப் பொறாமைப்படறாங்கன்னு ஒரு காலத்துல புத்தகம் புத்தகமா எழுதினாங்க. எழுதினது யாருன்னு நினைக்கறீங்க? ஆம்பளைங்கதான். அப்புறம் எங்க தொழிலுக்கு வந்த பொம்பளைங்க கேட்டாங்க: ஏன், பொம்பளை பெத்துக்கறதைப் பாத்து ஆம்பளைக்கு இருக்காதான்னு.”

“ஆம்பளை எங்கயாவது புள்ள பெத்துக்க ஆசைப்படுவானா மேடம்?” என்று எழுந்து வந்துவிட்டான். பாதி வழியில் பையிலிருந்த எலுமிச்சம்பழம் கையில் தட்டுப்பட்டது. ரோட்டோரம் நின்று கடித்தான். அடுத்த வாரம் அவனே போனான்.

அன்றைக்கு அந்த அம்மாள் ஒன்றுதான் சொன்னாள். “உங்களால முடியாத ஒரு வேலையை அவங்க செய்யறாங்க. அதனாலதான் மத்த எல்லாத்தையும் அவங்க கையிலிருந்து வாங்கிட்டீங்களோ?”

மனைவியிடம் இதைச் சொல்ல நினைத்தான். சொல்ல வரவில்லை.

பிரசவம் பகலிலேயே ஆனது. பெண் குழந்தை. வராந்தாவில் நின்றவனுக்குக் குழந்தையின் முதல் குரல் கேட்ட நொடியில் இடுப்பு வலி நின்றது, குமட்டல் நின்றது. மாதக்கணக்காக அவனோடு இருந்த ஏதோ ஒன்று எழுந்து போனமாதிரி இருந்தது. சந்தோஷப்பட வேண்டியவன், கை இரண்டும் வெறுமையாக, பறிகொடுத்தவன்போல நின்றான். உள்ளே அவளிடம் ஒரு குழந்தை இருந்தது. அவனிடம் ஒரு பையன் பெயர்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகும் குழந்தை மாமியார் கைக்கும் மனைவி கைக்கும் மாறி மாறிப் போனது. அவன் சுற்றிச் சுற்றி வந்தான். நாலாம் நாள் மாலை குழந்தை நீலம் பாரிக்க அழுதது. இருவரும் மாற்றி மாற்றித் தோளில் போட்டும் அடங்கவில்லை.

“எங்கிட்டக் கொடுங்க” என்றான். இதைக் கேட்க அவனுக்கு நாலு நாள் ஆகியிருந்தது.

“ஆம்பளைக்கு எதுக்கு மாப்பிள்ளை? தலை நிக்காத குழந்தை.”

“அத்தே, கொடுங்க.”

இரண்டு கையையும் நீட்டினான். மாமியார் மகளைப் பார்த்தாள். மகள் தலையசைத்தாள்.

அவனுக்குப் பக்கவாட்டில் ஆட்டத் தெரியாது. கூண்டின்மேல் நின்று கயிற்றைச் சோதிக்கிறபோது லிப்டை எப்படி நகர்த்துவானோ அப்படி, குலுங்காமல், மெல்ல ஏற்றி மெல்ல இறக்கினான். அழுகை விக்கலாகி, விக்கல் பெருமூச்சாகி, அடங்கிவிட்டது.

“அட, மந்திரம் போட்ட மாதிரி!” என்றாள் மாமியார்.

மனைவி கட்டிலிலிருந்து கை நீட்டினாள். “போதும், கொடுங்க.”

“இரு, இப்பத்தான தூங்குது.”

“கொடுங்கன்னா! பெத்தவ நான். எங்கிட்ட அடங்கல, உங்ககிட்ட மட்டும் எப்படி அடங்கும்?”

அந்த முகத்தை அவன் அடையாளம் கண்டுகொண்டான். மாதக்கணக்காக முகச்சவரக் கண்ணாடியில் பார்த்த முகம்.

“வயிறு எரியுதா?” என்று கேட்டான். கேலியாக இல்லை.

“எரியாம?”

“எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. உன்னைப் பாத்து. முதல் நாள்லருந்து.”

மாமியார் எதற்கோ அடுக்களைக்குப் போனாள். மனைவி நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

“அதுக்குத்தான் என்னைக் கடைக்குப் போகாதேன்னீங்களா?”

அவன் தலையாட்டினான்.

“அப்ப உடம்பு தேறினதும் நான் கடைக்குத் திரும்பிப் போறேன். காலையில புள்ள உங்ககிட்ட. நீங்க சாயங்கால ஷிப்ட் கேளுங்க.”

சீனியர் என்ன சொல்வார் என்பது அப்போதே காதில் கேட்டது. ஆனாலும் ஷிப்ட் கேட்டான். கிடைத்தது. “பால் கொடுக்கவும் கத்துக்கோ மாப்ள” என்று அவர் சொன்னதற்கு, “முடிஞ்சா கத்துக்க மாட்டேனா?” என்றான். சீனியருக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் நாள் அவள் கடையிலிருந்து மதியம் திரும்பினாள். அதுவரை அவன் மார்பில் பல்லிபோல ஒட்டிக்கிடந்த குழந்தை, வாசலில் அவள் குரல் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது. அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்து வாங்கிக்கொண்டாள். அவன் கை மறுபடி வெறுமையானது.

“எப்படி இருக்கீங்க?” என்றாள், குழந்தையின் தலைக்கு மேலாக.

“பொறாமையா இருக்கு” என்றான்.

“நல்லா இருக்கட்டும்” என்றாள் அவள். “காலையில கடைல உக்காந்து நான் பட்டதுல பாதிகூட இருக்காது.”

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான். பெயர் இன்னும் வைக்கவில்லை. இந்தத் தடவை அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தான். அது அவனுக்குச் சுலபமாக இல்லை.