ஓரத்தில் படிந்த பூப்பல்

மழைக்காலத்தில் தோல் ஊறிய வாசனை எங்கிருந்து வந்தாலும் என் வலது கட்டைவிரல் தானாக ஒரு சின்னப் பொத்தானைத் தேடும். அதை அழுத்தினால் மூடி கீழே சாய்ந்து, கறுப்புத் தோல் துருத்தி மடிப்பு மடிப்பாக நீண்டு, முனையிலிருந்து ஒரு லென்ஸ் நம்மைப் பார்க்கும். பிரான்சில் செய்த பழைய மடக்குக் கேமராக்கள். ஆரியசாலையில் எங்கள் மாடி வீட்டு அலமாரியில் பதினேழு இருந்தன. தம்பானூர் லாட்ஜ் ஒன்றில் மேலாளராக இருந்த அப்பாவுக்கு அது ஒன்றுதான் பித்து. பிரெஞ்சுக்காரர் ஆண்ட மாஹியின் பழைய வீடுகளில் தேடி எடுத்து அனுப்பியவர் நாணு என்ற வியாபாரி. அவருடைய பார்சல் வரும் நாளில் அம்மா, "இன்னொரு சவம் வந்தாச்சு" என்பாள்.

எங்கள் ஊர் ஈரத்தில் லென்ஸுக்கு எமன் பூஞ்சைதான். வீட்டில் அதை 'பூப்பல்' என்போம். மழை வெறித்த ஞாயிறு காலைகளில் அப்பா மொட்டைமாடியில் வெள்ளை வேட்டியை விரித்து, பின்மூடிகளைத் திறந்து கேமராக்களுக்கு வெயில் காட்டுவார். ஒவ்வொன்றாக வானத்தை நோக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் லென்ஸைச் சோதிப்பார். பிறகு என் முறை. "ஓரத்தத்தான் நோக்கணும் மக்கா, பூப்பல் எப்பவும் ஓரத்துலேருந்துதான் கேறி வரும்" என்பார். பத்து வயதில் அந்த உத்தியோகத்தால் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்த ஆண்டு ஜூனில் பிடித்த இடவப்பாதி மழை ஓய்ந்தபோது, அப்பா ஒரு கேமராவை நீட்டி, "ஓரம் இருட்டிப்போச்சு, பாரு" என்றார். பார்த்தேன். லென்ஸ் விளிம்புவரை துலக்கமாக இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். "ஆமாப்பா, பூப்பல்தான்" என்றேன். எனக்குப் பார்க்கத் தெரியவில்லை என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம், அவ்வளவுதான். அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு மூன்று கேமராக்களில் பூப்பல். அதற்கடுத்த ஞாயிறு ஒன்பதில். எல்லாவற்றுக்கும் ஆமாம் சாமி போட்டேன். அப்பா லென்ஸ்களைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார், நல்ல கண்ணாடிகளில் கீறல் விழுந்தது. கெட்டதையே அனுப்புவதாக நாணுவிடம் தொலைபேசியில் கத்தினார். "சாரே, வெளிச்சத்துல வெச்சு நோக்கித்தான் அயச்சேன், ஒரு பொட்டுகூட இல்ல" என்று அவர் கெஞ்சியது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. பார்சல்கள் நின்றுபோயின. அப்பாவோ கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். தட்டின் ஓரத்தில் இருந்த துவையலை எங்கே என்று கேட்டார். லென்ஸெல்லாம் சுத்தமாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட நினைத்தேன். ஆனால் வாய் திறந்தால் முந்தைய பொய்யெல்லாம் வெளியே வருமே!

கார்த்திகையில் ஒரு பட்டப்பகலில், சாலைக் கடைத்தெருவைக் கடந்த அப்பாவை இடப்பக்கமாக வந்த ஆட்டோ இடித்துத் தள்ளியது. கால் முறிவுக்காகப் போன இடத்தில் கண்ணையும் சோதித்தார்கள். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை ஓரங்களிலிருந்து அழிந்துகொண்டே வந்திருந்தது. "போனது இனி கிட்டாது. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா இவ்வளவு போகாம தடுத்திருக்கலாம். இது குடும்பத்துல வர்றதாக்கும், மகளோட கண்ணையும் வருஷாவருஷம் நோக்கணும்" என்றார் டாக்டர். அப்பா என் பக்கம் திரும்பினார். "நீயும் கண்டியே மக்கா, அது பூப்பல்தானே?"

அதற்கும் நான் ஆமாம் என்றுதான் சொன்னேன்.

இன்று அப்பா இல்லை, நாணுவும் இல்லை, மாடி வீடு இருந்த இடத்தில் பாத்திரக் கிடங்கு நிற்கிறது. பதினேழில் மிஞ்சிய நான்கு என்னிடம் இருக்கின்றன. மூன்று வருடமாக நான் கண் சோதனைக்குப் போகவில்லை. வேலை அதிகம் என்று சொல்லிக்கொள்கிறேன், உண்மையில் பயம். போன ஞாயிறு மழை விட்டதும் பால்கனியில் துண்டை விரித்து அவற்றைத் திறந்துவைத்தேன். கடைசிக் கேமராவை வலக்கண்ணால் பார்த்தபோது லென்ஸின் கீழோரம் மங்கியிருந்தது. பூப்பலா என்று பார்க்கச் சொல்லி மகளிடம் கொடுத்தேன். அவளுக்கும் பத்து வயதுதான். அவள் வானத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமாம்மா, பூப்பல்தான்."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். கேமராவைத் திரும்ப வாங்கி இடக்கண்ணால் பார்த்தேன். லென்ஸ் விளிம்புவரை துலக்கமாக இருந்தது.