செலோ டேப்பும் வெள்ளை லில்லியும்

"கையை நீட்டுங்க," என்கிறாள் கப்சூன்.

காசுச்செடி கேட்டு வந்த ஆள், எதற்கென்று புரியாமல் நீட்டுகிறான். அகலமான செலோ டேப்பில் ஒரு சாண் கிழித்து, அவனுடைய கறுப்புக் கோட்டுக் கையில் பட்டென்று ஒட்டி, சர்ரென்று உரித்து, வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறாள்.

"வீட்டுல பிராணி எதுவும் இல்லன்னீங்களே?"

"இல்லம்மா."

"அப்ப இந்த மஞ்ச முடி யாரோடது? பொண்டாட்டியோடதா?"

அவன் காது சிவந்துபோகிறது. வாடகை வீடு, ஒப்பந்தத்தில் பிராணி கூடாது என்று போட்டிருக்கிறது, ஒரே ஒரு பூனைதான், அதுவும் சாது என்று இழுக்கிறான்.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட போயி நான் கோள் சொல்லப் போறேனா? வளத்துக்குங்க. ஆனா இந்தச் செடி உங்களுக்குக் கிடையாது. கடிச்சா வாய் எரிஞ்சு, வாந்தி எடுத்து, ராத்திரி பூரா நீங்கதான் துடைச்சுக்கிட்டு இருப்பீங்க." டேப்பைக் கசக்கிக் குப்பைக் கூடையில் எறிகிறாள். கால் மணி நேரம் கழித்து அந்த ஆள் ஒரு குட்டிப் பனையைக் கட்டிக்கொண்டு, ஏதோ பிழைத்தோம் என்கிற முகத்தோடு வெளியே போகிறான்.

மா கப்சூனுக்கு அறுபத்தொரு வயது. கொரியாவின் சியோல் நகரில் மாங்வொன் சந்தைக்குப் பின்சந்தில் இருபத்தாறு வருடமாகப் பூக்கடை. கட்டை குட்டையான உடம்பு, சுருட்டி விட்ட முடி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் பூப்போட்ட துணி உறை. சந்தையில் வேலை செய்கிற பெண்கள் எல்லாரும் சட்டைக் கை அழுக்காகாமல் இருக்கப் போடுகிற உறைதான். ஆனால் இவள் மட்டும் தினம் ஒன்று துவைத்துப் போடுவாள். குரல் கொஞ்சம் கரகரப்பு. யாரையும் உட்காரச் சொல்ல மாட்டாள். கடையில் நாற்காலியும் கிடையாது.

மற்ற கடைகளில் செடி வாங்கப் போனால், வெயில் எவ்வளவு வரும், ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். கப்சூன் கேட்பது வேறு. "மொதல்ல வாயைச் சொல்லுங்க, அப்புறம் ஜன்னலைச் சொல்லுங்க." வீட்டில் எத்தனை வாய், அதில் இலையை மெல்லுகிற வாய் எத்தனை என்பதுதான் அவளுக்குக் கணக்கு. இடது சுவரில் இருப்பவை மென்றாலும் மோசமில்லாதவை: பெரணி, குட்டிப் பனை, சிலந்திச் செடி, கோடு போட்ட இலையுள்ள கலாத்தியா, ஆர்க்கிட். வலது சுவரில் காசுச்செடி, மருள், மணி பிளாண்ட், கற்றாழை. வலது சுவர்த் தொட்டிகளின் கழுத்தில் சிவப்புக் கம்பளி நூல் கட்டியிருக்கும். லில்லி மட்டும் கடைசி மூலையில் தனியாக, இரண்டு நூலோடு.

கடை திறந்தாலும் வீடு மாறினாலும் காசு கொழிக்கட்டும் என்று ரிப்பன் கட்டிக் காசுச்செடி அனுப்பாத ஆள் அந்த ஊரில் உண்டா? வந்த பரிசை வேண்டாமென்று சொல்கிற வழக்கமும் இல்லை. அதனால் யாராவது போனில் பரிசுச் செடி சொன்னால், அனுப்புவதற்கு முன் அந்தப் பரிசைப் பெறப்போகிறவருக்கே போன் போட்டு, "பிராணி இருக்கா?" என்று கேட்டுவிடுவாள். இப்படிக் கெட்டுப்போன ரகசியங்கள் ஏராளம். ஒருத்தன் காதலிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் பூ அனுப்ப ஏற்பாடு செய்திருந்தான். கப்சூன் முந்தின நாளே அந்தப் பெண்ணிடம் பூவின் பெயர், வருகிற நேரம், ரிப்பனில் எழுதியிருக்கிற வரி எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள்.

எதிர்க்கடையில் தொடுகறி வகைகள் விற்கிற மல்சூக்குக்கு இதெல்லாம் சிரிப்பு. "ஏண்டி, பூ விக்கிறியா, போலீஸ் வேலை பாக்குறியா? ஒருநாள் எவனாவது உன் கைக்கு விலங்கு மாட்டப்போறான்."

"மாட்டட்டும். அவன் சட்டைக் கையையும் ஒரு தடவை பாத்துடறேன்."

"இவ்வளவு பாசம் இருக்கே, ஒரு பூனைய வளக்கறதுதானே?"

"பாசமா? யாரு சொன்னா? அதுங்க பாக்குற பார்வையே எனக்கு ஆகாது. கடன் குடுத்தவன் மாதிரில்ல பாக்குது!"

செடியைக் கொடுக்கும்போது அறிவுரையும் சேர்ந்தே வரும். அதிலிருந்து தப்பித்து யாரும் போக முடியாது. மண் மேலே கூழாங்கல் பரப்பு, இல்லாவிட்டால் பூனை அதைத் தன் கக்கூஸ் என்று நினைத்துக்கொள்ளும். நாய் இருந்தால் எள்ளுப் பிண்ணாக்கு உரம் போடாதே, வாசனைக்குத் தோண்டித் தின்று வயிறு உப்பிக் கிடக்கும். உயரத்தில் தொங்க விடுகிறேன் என்று சொன்னால் மூக்கால் ஒரு சத்தம். "பூனைக்கு உயரம்னு ஒண்ணு இருக்கா?" கடைசியில் பார்லி முளைவிட்ட சின்னத் தட்டு ஒன்றைப் பையில் திணிப்பாள். "இது சும்மா. மெல்லணும்னு தோணினா இதை மெல்லட்டும். அதுக்குன்னு ஒரு தட்டு இருந்தா உங்க தட்டுல ஏன் வாய் வைக்குது?"

டேப் சுருள்கள் கிடப்பது மேசை மேல் இருக்கிற ஒரு பச்சைத் தொட்டியில். நல்ல பளபளப்பான பீங்கான். விலைக்குக் கேட்டவர்கள் உண்டு. "அது விக்கிறதுக்கில்ல," என்பாள், முகத்தைக் கொடுக்காமல்.

பதினோரு வருடத்துக்கு முன் பள்ளி வேன் ஓட்டுகிற ஒருவர் தொட்டி லில்லி ஒன்று எடுத்தார். பூனை இருக்கிறது, பரவாயில்லையா என்று அவராகவேதான் கேட்டார். பூக்கடைக்காரர்கள் எல்லாரும் செய்வதுபோல, கப்சூன் கத்தரிக்கோலை எடுத்துப் பூவுக்குள் இருக்கிற காவித்தூள் முடிச்சுகளை ஒவ்வொன்றாக நறுக்கிப் போட்டாள். தூள்தான் துணியில் கறை பிடிக்கும்; அதை எடுத்துவிட்டால் லில்லி குழந்தை மாதிரி என்பதுதான் அவளுக்குத் தெரிந்த தொழில். "இனிமே ஒரு பயமும் இல்ல," என்று சொல்லிக் கொடுத்தாள். அந்தப் பூனை இலையை மென்றது, தொட்டிக்கு அடியில் தேங்கிய தண்ணீரைக் குடித்தது. கிட்னி நின்றுபோய், நாலாம் நாள் செத்துவிட்டது. ஒரு வாரம் கழித்து அவர் வந்தார். சத்தம் போடவில்லை. நன்றாகத் தேய்த்துக் கழுவிய காலித் தொட்டியை மேசை மேல் வைத்து, "தொட்டி நல்ல தொட்டி, வேற யாருக்காவது ஆகும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"நாலு வார்த்தை திட்டியிருந்தா தேவலையே," என்று மல்சூக்கிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். அன்றையிலிருந்து லில்லியில் தூள் முடிச்சை நறுக்குவதில்லை. நறுக்கினால் பார்க்கிறவர்களுக்குப் பயம் போய்விடுமாம். பயம் இருக்கட்டும் என்பாள்.

போன ஏப்ரலில் பக்கத்துச் சந்தில் சேரின் என்று ஒரு பெண், துணி அளவு திருத்தித் தைக்கிற சின்னக் கடை ஒன்று திறந்தாள். அவள் முன்பு வேலை பார்த்த தையல் கடை முதலாளி, திறப்பு விழாவுக்கு வெள்ளை லில்லி அனுப்பச் சொல்லி கப்சூனிடம் போனில் சொன்னார். கப்சூன் வழக்கம்போல் சேரினை அழைத்தாள்.

"கடையில பிராணி ஏதாவது இருக்கா கண்ணு?"

"இல்லீங்க, ஒண்ணும் இல்லீங்க," என்று படபடவென்று பதில் வந்தது.

"நிஜமா?"

"நிஜமாத்தாங்க."

போனில் டேப் ஒட்ட முடியாது. மறுநாள் காலை பத்து மணிக்குக் கப்சூனே தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கடை நிறைய ஆட்கள். நடுவில் கட்டடத்தின் சொந்தக்காரர், கிழவர், சிவப்புப் பயறு போட்ட அரிசிக் கேக்கைத் தட்டோடு வைத்துக்கொண்டு மென்றுகொண்டிருந்தார். சேரின் ஓடிவந்து கப்சூனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சித்தி, நீங்களே சுமந்துட்டு வரணுமா?" என்று உருகினாள். பாக்கெட்டில் டேப் இருந்தது. விசேஷ வீட்டில் போய் ஒரு பெண்ணின் சட்டைக் கையை ஆராய்வதா என்று கூச்சமாகிவிட்டது. பொட்டலம் கட்டித் தந்த கேக்கை வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

கடைக்கு வந்து, கையிலிருந்த மண்ணை எடுக்க டேப்பைக் கிழித்துத் தன் துணி உறையில் ஒட்டி உரித்தாள். மண்ணோடு மூன்று முடி வந்தது. குட்டையான வெள்ளை முடி. காலையில் துவைத்துப் போட்ட உறை. அன்றைக்கு இன்னும் ஒரு வாடிக்கையாளர்கூட வரவில்லை. அவள் கையைப் பிடித்தது ஒரே ஒருத்திதான்.

"ஐயோ!" என்றாள். வாய்விட்டே சொன்னாள்.

ரப்பர் செருப்போடு ஓடினாள். "கடைய யாருடி பாக்குறது?" என்று மல்சூக் கத்தியது காதில் ஏறவில்லை. நாலு நாள், நாலு நாள் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

சேரின் கடை மேசையில் லில்லியைக் காணோம். "பூ எங்க?"

"உள் ரூம்ல வச்சிருக்கேன் சித்தி. தூள் உதிருதே, அடுத்தவங்க துணியில கறை பட்டா..."

"அந்த ரூம்ல வேற என்ன இருக்கு?"

சேரினின் கண் கேக் தின்கிற கிழவரிடம் போய்த் திரும்பியது. கப்சூனுக்குப் புரிந்துவிட்டது. போனில் கேட்டபோதும் இந்தக் கிழவர் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். இங்கே வாயைத் திறந்து பூனை என்றால் சேரினுக்குக் கடை போகும். திறக்காவிட்டால் பூனை போகும். வாழ்க்கையில் பொய்யே பிடிக்காத கப்சூன், சந்தை முழுக்கக் கேட்கிற குரலில், "தப்பான பூவைக் குடுத்துட்டேன்யா! பூசைக்குன்னு இதைச் சொல்லி வச்சவங்க என் கடை வாசல்ல வந்து நின்னுக்கிட்டு என்னைப் பிச்சு எடுக்கறாங்க!" என்று சொல்லிக்கொண்டே உள்ளே புகுந்தாள்.

தரையில் இரண்டு இதழ் கிடந்தது. அலமாரிக்குக் கீழே வெள்ளையும் கறுப்புமாய் ஒரு பூனை, மூக்கு நுனியில் காவித்தூளோடு, நிதானமாகக் காலை நக்கிக்கொண்டிருந்தது.

"மாந்து!" என்று சேரின் வாயைப் பொத்திக்கொண்டாள். மாந்து என்றால் அந்த ஊரில் கொழுக்கட்டை; அதைத்தான் பூனைக்குப் பேராக வைத்திருக்கிறாள்.

"அழ நேரமில்ல. அந்தக் கூடைய எடு."

துணிக் கூடையில் பூனையை வைத்து, மேலே நீளம் குறைக்க வந்திருந்த கால்சட்டைகளைப் போட்டு மூடினாள். கிழவரைத் தாண்டும்போது கூடைக்குள்ளிருந்து ஒரு மியாவ். கப்சூன் உடனே இருமினாள். காசநோய்க்காரி தோற்றாள், அப்படி ஒரு இருமல். கிழவர் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓரடி தள்ளி நின்று, "தண்ணி குடிங்கம்மா," என்றார். வந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு, கழுத்தில் அளவு நாடாவோடு சேரினும் பின்னால் ஓடினாள்.

சந்து மூலையிலிருக்கிற மிருக ஆஸ்பத்திரியில் அதன் மூக்கையும் காலையும் கழுவினார்கள், வாந்தி எடுக்க வைத்தார்கள், ஊசி குத்தி மருந்துத் தண்ணீர் ஏற்றினார்கள். "சீக்கிரம் வந்திருக்கீங்க. ஆனா மூணு நாள் போகணும், கிட்னி என்ன சொல்லுதுன்னு பாக்கணும்," என்றார் டாக்டர். சேரின் கப்சூனைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நான் பொய் சொல்லிட்டேன் சித்தி."

"நீ சொன்ன. நான் பாக்காம விட்டேன்," என்றாள் கப்சூன்.

அந்த மூன்று நாளும் கடையைத் திறந்தாள், தண்ணீர் ஊற்றினாள், காய்ந்த இலையைக் கிள்ளினாள். லில்லி கேட்டு வந்தவர்களிடம் இல்லையென்றாள். மூலையில் ஆறு தொட்டி நின்றது. சேரினுக்குப் போன் செய்யப் பத்துத் தடவையாவது எடுத்திருப்பாள். ஒரு தடவைகூட எண்ணை அழுத்தவில்லை. பயம்தான். மல்சூக் சோற்றோடு வந்து எதிரே நின்று, சாப்பிடும் வரைக்கும் நகரவில்லை. அந்த மூன்று நாளும் அவள் கேலி செய்யவும் இல்லை.

நாலாம் நாள் காலையில் சேரின் வந்தாள். கையில் அந்த லில்லித் தொட்டி. பூ இல்லை, மண் இல்லை. தேய்த்துக் கழுவி, ஈரம்கூடத் துடைத்த காலித் தொட்டி. மேசை மேல், பச்சைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தாள்.

கப்சூன் அந்தப் பெண்ணின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

"சித்தி..."

"பேசாத. கையை நீட்டு."

டேப்பில் ஒரு சாண் கிழித்தாள். சேரினின் நீலச் சட்டைக் கையில் ஒட்டி, அழுத்தி, உரித்தாள்.

"காலையில துவைச்சுப் போட்ட சட்டை, சித்தி," என்றாள் சேரின். குரலில் சிரிப்பு இருந்தது.

கப்சூன் அதை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். டேப் முழுக்க முடி. வெள்ளையும் கறுப்புமாய், எண்ண முடியாத அளவுக்கு. வழக்கம்போல் கசக்கிக் குப்பைக் கூடையில் எறியவில்லை. பதினோரு வருடமாக மேசையில் இருக்கிற பச்சைத் தொட்டியின் விளிம்பில் அதை நீளமாக ஒட்டி, கட்டைவிரலால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் அழுத்தித் தேய்த்தாள்.