மெம்பர் செல்லையன் வாங்கி வைத்த மனுக்கள்

லோகாம்பாள் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை; ஆனால் மனு எழுத வைப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. காரைக்காலின் எல்லையோரக் கிராமம் ஒன்றுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். நடவு, அறுப்பு போக அவள் ஓயாமல் கேட்டது ஒன்றுதான்: ஊரை ஒட்டி ஓடும் வாய்க்காலுக்கு ஒரு பாலம். யாரையாவது பிடித்து எழுதச் சொல்லி, கைரேகை வைத்து, மெம்பர் செல்லையனிடம் கொடுப்பாள். அவரும் கண்ணாடி போட்டு வாசித்து, "மேல அனுப்பிடுறேன்" என்பார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் கொம்யூன் என்கிற ஊராட்சிக் கவுன்சிலுக்கு நடந்த தேர்தலில் ஜெயித்த மனிதர். கல்யாண வீட்டில் முதல் தாம்பூலம் அவருக்குத்தான்.

பொறுக்க முடியாமல் ஊரார் பனைமரம் வெட்டி வாய்க்காலுக்குக் குறுக்கே போடப் போனபோது தடுத்ததும் அவர்தான். "பனைய போட்டுட்டா, பாலம் இருக்குன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க" என்றார். படித்தவர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும் என்று எல்லோரும் கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார்கள்.

எண்பத்து நாலு ஐப்பசியில் மூத்த மகளுக்கு வலி கண்டது. வாய்க்காலில் கழுத்தளவு தண்ணீர். ஆஸ்பத்திரிக்கு வண்டி மூன்று மைல் சுற்றிப் போனது. வழியிலேயே பிறந்த பிள்ளை அழவே இல்லை. லோகாம்பாள் அதையும் சொல்லி ஒரு மனு எழுத வைத்தாள்.

எண்பத்தாறு மாசியில் அக்கரையில், தமிழ்நாட்டுப் பக்கம், பஞ்சாயத்துத் தேர்தல். சுவரெல்லாம் சின்னம். இளைய மகள் அப்போது மூன்று மாதக் கர்ப்பிணி, ஆவணியில் பேறு. அது வாய்க்கால் நிறைந்து ஓடும் காலம். இனி யாரையும் நம்பிப் பயனில்லை, நம் பக்கமும் தேர்தல் வரும், இந்தத் தடவை நாமே நின்றுவிடுவோம் என்று கிளம்பிக் கொம்யூன் ஆபீசுக்குப் போனாள்.

"இங்க தேர்தல் இல்லம்மா" என்றார் கிளார்க் கமாலுதீன். "ஊராட்சி, நகராட்சியெல்லாம் அந்தந்த ராஜ்யத்துச் சட்டம். அவங்க தமிழ்நாடு, வைக்கிறாங்க. நாம பாண்டிச்சேரி, வைக்கல. கவுன்சிலக் கலைச்சே ஏழெட்டு வருஷமாச்சு. இப்ப எல்லாம் அதிகாரிதான்."

"அப்ப எங்க மெம்பரு?"

"மெம்பருன்னு யாரும் இல்லம்மா."

"என் மனு எல்லாம்?"

அவர் பொறுமையாகத் தேடிப் பார்த்தார். "உங்க ஊர்லேருந்து ஒண்ணுகூட வரலியேம்மா. நேரா அதிகாரிகிட்டயே குடுத்திருக்கலாமே."

ஊர் திரும்பியதும் நேரே செல்லையன் வீட்டுக்குப் போனாள். செல்லையன் மறைக்கவில்லை. பீரோவைத் திறந்து மனுக்கட்டை எடுத்து வைத்தார். ஒரு மனுகூடக் கசங்கவில்லை.

"பதவி போயிட்டுதுன்னு சொல்ல நாக்கு வரல லோகாம்பா. நீங்கள்லாம் மெம்பரு மெம்பருன்னு வந்து நின்னீங்க..."

"செத்த புள்ளைய ஏந்திக்கிட்டு நேரா உங்க வாசலுக்குத்தான் வந்தேன். அன்னிக்காவது சொல்லியிருக்கலாமே அண்ணே."

அவள் மனுக்கட்டைத் தொடவில்லை.

"உங்க கொல்லையில நிக்கிற ரெண்டு பனையையும் நாளைக்குச் சாய்க்கப் போறேன்" என்றாள். "அதுக்கு மனு தரமாட்டேன்."