காமாட்சிக்கு மலாய் தெரியும்

எங்கள் காமாட்சியின் பக்கத்தில் போகிறவர் யாராக இருந்தாலும் பேசிக்கொண்டேதான் போக வேண்டும். இது அம்மா போட்ட சட்டம். தோட்டத்துத் துரையே வந்தாலும் சரி, வாயைத் திறக்காமல் பின்பக்கமாகப் போனால் உதை நிச்சயம். காமாட்சி என்பது எங்கள் பசுமாடு. அம்மன் பெயரை வைத்துவிட்ட பிறகு அவளை ‘அது’ என்று சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் வராது. உதைத்தால்கூட, உதைத்துவிட்டாள் என்று மரியாதையாகத்தான் சொல்வோம்.

அம்மா விடியற்காலையில் பால் கறந்து வைத்துவிட்டுத்தான் ரப்பர் மரத்தில் பால் வெட்டி எடுக்கப் போவாள். கொட்டகைக்குக் கொஞ்சதூரம் இருக்கும்போதே அவள் குரல் கேட்கத் தொடங்கிவிடும்.

“நாந்தான். நாந்தான் வரேன். கையில வாளி இருக்கு, வேற ஒண்ணும் இல்ல. இந்தா, பக்கத்துல வந்துட்டேன். தோளத் தொடுறேன், என்ன?”

அதன் பிறகுதான் கையை நீட்டுவாள். அந்தக் கையும் முதலில் தோளுக்குத்தான் போகும், மடிக்குப் போகாது.

பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு இது தினசரி வேடிக்கை. “என்னாடி, மாட்டுக்கிட்ட தெனம் பெர்மிட் வாங்கிட்டுத்தான் உள்ள போவியா?” என்று எங்கள் லயத்து வரிசைவீட்டு வாசலில் நின்று கேட்பார்.

“அவளுக்குக் கண்ணு முன்னால இருக்கு, காலு பின்னால இருக்குக்கா. சொல்லிட்டுப் போனா எனக்குப் பல்லாவது மிஞ்சும்லா” என்பாள் அம்மா.

அந்தப் பெரியம்மாவே ஒருநாள் வாசல் தெளிக்கச் சாணி எடுக்கிறேன் என்று சத்தமில்லாமல் பின்பக்கமாகப் போய், கூடையும் தாமுமாக வடிகாலில் போய் விழுந்தார். அதன் பிறகு அவரும் தூரத்திலிருந்தே, “ஒங்க பெரியம்மாதான் தாயி, சாணிக்கு வந்திருக்கேன்” என்று விண்ணப்பம் போட்டுக்கொண்டுதான் வருவார்.

காமாட்சி கெட்ட மாடு இல்லை. பயப்படுகிற மாடு. அம்மா அடிக்கடி சொல்வாள், “பயந்துட்டாள்னா தான் என்ன செய்யிறோம்னு அவளுக்கே தெரியாது பாப்பா. அந்த நேரத்துல ஓடக் கூடாது, கத்தக் கூடாது, கையை ஓங்கக் கூடாது. கன்னுக்கும் அவளுக்கும் நடுவுல மட்டும் என்னைக்கும் போய் நிக்காத.” பாடப் புத்தகத்தில் படித்ததெல்லாம் மறந்துபோய்விட்டது. இது மட்டும் மறக்கவில்லை.

மலாய் நாட்டில் கம்யூனிஸ்டுகளுக்கும் அரசாங்கத்துக்கும் சண்டை நடந்த அவசர காலம் அது. எங்கள் தோட்டம் ரந்தாவ் பக்கம். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த லயங்களை எல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, சுற்றிலும் முள்கம்பி வேலி அடித்து, ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். காலையில் கேட்டில் பெண்களின் சோற்றுப் பாத்திரத்தைக்கூடத் திறந்து பார்ப்பார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒருபிடி அரிசிகூடப் போய்விடக் கூடாது. சாயங்காலம் ஆறு மணிக்குத் தண்டவாளத் துண்டைத் தட்டுவார்கள். அந்தச் சத்தம் கேட்டபின் மனிதர், மாடு எதுவும் வேலிக்கு வெளியே இருக்கக் கூடாது. வெளியே அசைவது எதுவானாலும் சுடலாம் என்று உத்தரவு.

அப்போது கேட்டுக்குப் புதிதாக ஒரு மலாய்ப் பையன் காவலுக்கு வந்திருந்தான். கோலா பிலா பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை என்று பேசிக்கொண்டார்கள். மீசை அரும்பவில்லை, தொப்பி காதுவரை இறங்கிக் கிடக்கும். அவன் வந்த வாரத்திலேயே ஒருநாள் பொழுது சாய்ந்த நேரம், காட்டுப்பன்றி ஒன்று வேலியை உரச, அவன் பயத்தில் சுட்டுவிட்டான். லயமே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தது. மறுநாள் செத்த பன்றியைப் பார்த்து ஆம்பளைகள் எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. அந்தப் பையனையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தச் சமயம் காமாட்சி நிறைசினை. பகலில் மற்ற மாடுகளோடு வெளியே மேய்ந்துவிட்டுச் சாயங்காலம் தானே கேட்டுக்கு வந்துவிடுவாள். அன்றைக்கு மற்ற மாடுகள் வந்தன, அவள் வரவில்லை. புல்லறுக்கக் கிளம்பிய அம்மா, அரிவாளையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு தேடப் போனாள். பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்த நானும் வழக்கம்போல் கூடவே ஒட்டிக்கொண்டேன்.

ஓடைக்கு அந்தப் பக்கம், பழைய மரங்களுக்கு நடுவில் லாலாங் புல் ஆள் உயரத்துக்கு வளர்ந்து கிடக்கும். அதற்குள் ஒளிந்துகொண்டு படுத்திருந்தாள். கன்றின் முன்னங்கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அதற்கு மேல் வரவில்லை. கண் சொருகிப்போய் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தாள்.

அம்மா ஒருமுறை வானத்தைப் பார்த்தாள், ஒருமுறை என்னைப் பார்த்தாள். அப்போதே திரும்பியிருந்தால் கேட் அடைப்பதற்குள் நாங்கள் வீடு போய்ச் சேர்ந்திருக்கலாம். விட்டுவிட்டுப் போனால் தாயும் கன்றும் விடியும்வரை தாங்க மாட்டார்கள். அம்மா தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள்.

“நாந்தான் தாயி. நாந்தான் வந்திருக்கேன். பாப்பா, நீ அவ மூஞ்சிக்கு நேரா நில்லு, அவ ஒன்னப் பாக்கணும். மாரியம்மனக் கூப்பிட்டு வேண்டிக்க.”

நான் கூப்பிட்டேன். தொண்டை வறண்டுபோகக் கூப்பிட்டேன். அம்மா கன்றின் கால்களில் துணியைச் சுற்றி, காமாட்சி முக்கும்போது இழுப்பதும், அவள் ஓயும்போது ஓய்வதுமாக இருந்தாள். கடைசியில் மூக்கு தெரிந்தது, தலை வந்தது, பிறகு மொத்தமும் வழுக்கிக்கொண்டு அம்மா மடியிலேயே வந்து விழுந்தது. வெள்ளைவெளேர் என்று ஒரு கிடாரிக் கன்று. காமாட்சி எழுந்து நக்க ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் தூரத்தில் தண்டவாளத்தைத் தட்டும் சத்தம் கேட்டது.

அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டாள். பிறகு கன்றைத் துடைத்து, அரிவாளையும் கயிற்றையும் அங்கேயே போட்டுவிட்டு, அதை மார்போடு சேர்த்துத் தூக்கிக்கொண்டாள்.

“பாப்பா, முந்தானையப் பிடிச்சுக்க. என் பக்கத்துலயே ஒட்டி வா. பின்னால போயிடாத, அவ முட்டிடுவா. முன்னாலயும் ஓடாத.”

“முன்னால ஓடுனா என்னாம்மா?”

“மாடு மிரளும்.”

மரங்களுக்கு உள்ளாலே போனால் குறுக்கு வழி. அம்மா அதில் போகவில்லை. செம்மண் சாலைக்கு ஏறி, நட்டநடுவில் நடந்தாள். ஓரமாகப் போகலாமே என்றேன். மாடு மிரளும் என்றாள். அப்பா தேடுவாரே, வேகமாக நடக்கலாமே என்றேன். அதற்கும் மாடு மிரளும்தான். காமாட்சி கன்றை மோந்தபடி உறுமிக்கொண்டே எங்களை ஒட்டி வந்தாள். அவள் மூச்சு என் கழுத்தில் சுட்டது. எந்த நிமிடமும் முட்டுவாள் என்ற பயத்தில் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நடந்தேன். ரப்பர் மரத்துக்கடியில் பொழுது சீக்கிரமே இருட்டிவிடும். கேட்டின் லாந்தர் வெளிச்சம் தெரியும் இடத்துக்கு வந்ததும் அம்மா உரக்கப் பேசத் தொடங்கினாள்.

“நாந்தான். நாந்தான் வரேன். கையில கன்னுக்குட்டி இருக்கு, வேற ஒண்ணும் இல்ல.”

“சியாப்பா?” என்று கேட்டிலிருந்து ஒரு கத்தல். யார் என்று கேட்கிறான். அந்தப் பையனின் குரல்தான். பாதியில் உடைந்து கீச்சென்று முடிந்தது. அதோடு ‘கிளிக்’ என்று ஓர் இரும்புச் சத்தம்.

அம்மா நின்றாள். நான் நின்றேன். காமாட்சியும் நின்றாள். லாந்தருக்குப் பின்னால், “ஐயோ, அது என் சம்சாரம்” என்று அப்பா யாரிடமோ கெஞ்சும் குரல் கேட்டது. துப்பாக்கியின் முனை எங்களைப் பார்த்திருந்தது. அது ஆடிக்கொண்டிருந்தது. லாந்தர் காற்றில் அசைவதால் அப்படித் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. பால் கறக்கப் போகும்போது பேசுகிற அதே குரல்.

“சாயா, என்சிக். சாயா. அனாக் லெம்பு. அனாக் சாயா பூன் அடா.”

நான்தான் ஐயா, மாட்டுக் கன்று, என் பிள்ளையும் இருக்கிறாள் என்று அர்த்தம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பசாருக்குப் போனால் கருவாட்டுக்காரரிடம் பேசுகிற மலாயை அம்மா மாட்டிடம் பேசுகிறாளே!

“அம்மா, காமாட்சிக்கு மலாய் தெரியாதும்மா” என்றேன் மெதுவாக.

“தெரியும். நீ சும்மா வா.”

ஓர் அடி வைத்தாள், “சாயா, என்சிக்” என்றாள். இன்னோர் அடி வைத்தாள், மறுபடியும் சொன்னாள். அப்போது அம்மாவின் கைக்குள் இருந்த கன்று, பிறந்ததிலிருந்து வாயே திறக்காத கன்று, மெலிதாக ஒரு குரல் கொடுத்தது. மாரியம்மனே அதன் வாயில் வந்து பேசினாள் என்று இன்றைக்கும் நான் நம்புகிறேன்.

“அலாமாக்!” என்று பதறினான் பையன். துப்பாக்கி கீழே இறங்கியது. கேட்டைத் திறந்துகொண்டு, “செப்பாட், மாச்சி, செப்பாட்!” என்று, சீக்கிரம் அத்தை சீக்கிரம் என அவசரப்படுத்தியபடி கன்றைத் தான் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டி ஓடிவந்தான்.

அவன் செய்தது தப்பு. காமாட்சி தலையைத் தாழ்த்திவிட்டாள்.

“தம்பி, வராத! அங்கயே நில்லு!” என்று அம்மா அப்போதுதான் அலறினாள். அவனுக்குத் தமிழ் புரியவில்லை. எனக்கோ அவனுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று நன்றாகத் தெரியும். பிறந்ததிலிருந்து கேட்ட சட்டம் அல்லவா!

“சாக்காப்! சாக்காப்!” என்று கத்தினேன். பேசு, பேசு என்று.

துப்பாக்கி வைத்திருந்த அந்தக் காவல்காரன் என் சொல்லுக்குக் கட்டுப்பட்டான். கல்லாய் நின்று, மாட்டைப் பார்த்து, அழுகிற குரலில், “சாயா... சாயா...” என்றான்.

காமாட்சி கேட்டாள். கொம்பைத் தூக்கினாள். ஒருமுறை மூக்கால் உறுமிவிட்டு, அவனைத் தாண்டி, கன்றின் பின்னால் அமைதியாக உள்ளே போனாள். கேட்டுக்குள் கூடி நின்ற சனம் அத்தனையும் கொல்லென்று சிரித்தது. அப்பா யாரைத் திட்டுவது என்று தெரியாமல், “நேரங்காலம் பாத்துப் பெத்துக்கத் தெரியாதா ஒனக்கு?” என்று மாட்டைப் பிடித்துத் திட்டினார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார்.

சீம்பாலை அம்மா முதலில் மாரியம்மன் கோயிலுக்குக் கொடுத்தாள். அடுத்த பங்கை வெல்லம் போட்டுக் காய்ச்சி, கேட்டுக்கு எடுத்துப் போனாள். எங்களுக்கு அப்புறம்தான். “அவனுக்கு எதுக்கும்மா?” என்று நான் முகத்தைத் தூக்கினேன். “அவனும் நேத்து ரொம்பப் பயந்துட்டான்லா, பாவம்” என்றாள். துப்பாக்கி வைத்திருப்பவன் எதற்குப் பயப்பட வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. மாட்டுக்குப் பயந்துவிட்டான் போல என்று முடிவு செய்துகொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் அன்று முழுவதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் காமாட்சிக்குத் தமிழ் மட்டுமில்லை, மலாயும் தெரியும் என்று ஒருவர் விடாமல் சொன்னேன். நம்பாதவர்களிடம், அந்தக் காவல்காரப் பையனிடமே போய்க் கேளுங்கள் என்றேன். அவனும் பொய் சொல்கிறவன் இல்லை. பிறகு கன்றைத் தடவ வரும்போதெல்லாம் தூரத்திலிருந்தே, “நாந்தான், நாந்தான்” என்று சொல்லிக்கொண்டுதான் வந்தான்.

இப்போது நானும் பிள்ளை பெற்று வளர்த்துவிட்டேன். விளக்கேற்றிக் கும்பிடும்போது அந்தச் செம்மண் சாலை தினமும் கண்முன் வருகிறது. நடுவில் என் அம்மா. பின்னால் மாடு, முன்னால் துப்பாக்கி. அன்று எனக்குத் தெரிந்தது பின்னால் வந்தவள் மட்டும்தான்.

அன்று இரவு கன்றைக் கொட்டகையில் விட்டுவிட்டு வீட்டுக்குள் வந்ததும் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கால் இரண்டும் கிடுகிடுவென்று நடுங்கின. அவளால் அதை நிறுத்த முடியவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டேன்.

“கன்னு ரொம்ப கனமாம்மா?”

அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

“ஆமா பாப்பா. ரொம்ப கனம்.”